இல்லாத சாருக்கு ஒரு வேலை

கனம் பொருந்திய கல்வித் துறை மேலிடத்தார் சமூகத்துக்கு, ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியின் தலைமையாசிரியை பணிந்து செய்துகொள்ளும் விண்ணப்பம்.

எங்கள் பள்ளியில் நியமன உத்தரவு பெறாமலும், சம்பளப் பட்டியலில் பெயர் ஏறாமலும், ஒருநாளும் விடுப்புக் கேளாமலும் நெடுங்காலமாக ஊழியம் புரிந்துவரும் ஒருவரைத் தாங்கள் நிரந்தரமாக்கித் தர வேண்டும் என்பதே இதன் சாரம். அவருக்குப் பெயர் கிடையாது. 'சார்' என்பதே போதுமானதாக இருந்துவருகிறது. உருவமும் கிடையாது, ஆயினும் அந்தக் குறை இதுவரை எவர் கண்ணிலும் பட்டதில்லை.

நான் பொறுப்பேற்ற புதிதில் அலுவலறைக்கு வருகிறவர்கள், மேசைக்குப் பின்னால் நான் அமர்ந்திருப்பதைப் பிரத்தியட்சமாகக் கண்ட பிறகும், "ஹெச்.எம். சார் இல்லீங்களா?" என்று வினவுவது சர்வ சாதாரணமாயிருந்தது. கழிப்பறைச் சுவரின் பூச்சு வேலையை அரைகுறையாக விட்டுப்போன ஒப்பந்தக்காரரிடம் நயந்தும் சினந்தும் பேசிப் பயன் காணாத நான், ஒருநாள் அலுப்பு மேலிட்டு, "சார் இதைப் பார்த்தால் பில்லை நிறுத்திவிடுவார்" என்று சொல்லிவைத்தேன். மறுநாள் முதல் மணி அடிக்குமுன் ஆட்கள் கரண்டியோடு வந்து நின்றார்கள். எந்தச் சார் என்று அவரும் கேட்கவில்லை; நானும் சொல்லவில்லை.

அன்றுமுதல் சாரின் கீர்த்தி ஓங்கிற்று. பேத்தியின் காதணி விழாவுக்குப் பள்ளி மைதானத்தில் பந்தல் போட வந்த ஊர்ப் பெரியவரை, "சார் ஒத்துக்க மாட்டேங்கிறாருங்கய்யா" என்று திருப்பியனுப்பினேன். நானே மறுத்திருந்தால் பொம்பளைக்கு இத்தனை திமிரா என்று கிளம்பியிருக்கக்கூடிய ஊர், சார் கறாரான மனிதர் என்று மெச்சிக்கொண்டது.

பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோராகவும், பாதிப் பேர் பெண்களாகவும் இருத்தல் வேண்டும் என்று 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் விதித்திருப்பது போற்றத்தக்கதே. எங்கள் குழுவின் தலைவியும் ஒரு தாய்தான். கூட்டத்துக்குத் தவறாமல் வருகிறார். கூடவே வரும் கணவர், மனைவிக்கு வீண் சிரமம் எதற்கென்று அவருடைய அபிப்பிராயங்களைத் தாமே சொல்லிவிடுகிறார். அவரை அடக்க வல்லவரும் சார் ஒருவரே.

1848-இல் புனேயில் பெண்களுக்கென்று பள்ளி நடத்தப் போன சாவித்திரிபாய் புலே, வழியில் எறியப்படும் சேற்றையும் சாணத்தையும் உத்தேசித்து மாற்றுப் புடவை ஒன்றை உடன் கொண்டுபோவாராம். என் காலத்தில் சேறு எறிவாரில்லை. ஆகவே மாற்றுப் புடவைக்குப் பதிலாக மாற்று ஆடவர் ஒருவரைக் கொண்டுபோகிறேன்.

சாரிடமும் ஒரு குறை உண்டு. காலை உணவின் கணக்கும், சத்துணவின் கணக்கும், எமிஸ் என்னும் இணையவழி வருகைப் பதிவும் முடித்து வீடு திரும்பி, தோசைக்கல்லின் முன் நிற்கையில், 'மிக மிக அவசரம்' என்ற தலைப்போடு தங்கள் படிவம் வாட்ஸ்அப்பில் வந்து விழும்போது, அவர் ஒருமுறையேனும் கரண்டியையோ கைப்பேசியையோ வாங்கிக்கொண்டாரில்லை. இவ்விஷயத்தில் அவர் உருவமுள்ள ஆடவர் பலரினின்றும் வேறுபட்டவரல்லர். பதவி உயர்வுக் கலந்தாய்வில் தூரத்து ஊர் வாய்த்தால், பிள்ளையின் பரீட்சையையும் மாமியாரின் மாத்திரையையும் எண்ணி, உயர்வே வேண்டாமென்று எழுதிக்கொடுத்துத் திரும்பும் என் தோழியருக்கும் அவரால் ஓர் உபகாரமும் இல்லை. அதைத் தங்கள் கோப்புகள் 'சொந்த விருப்பம்' என்று வெகு கௌரவமாகக் குறித்துக்கொள்கின்றன.

ஆதலால், இனி என் உத்தரவுகளையே ஊரார் மதிக்கும்படி ஏதேனும் ஏற்பாடு செய்யத் தங்களுக்கு இயலுமாயின் சாருக்கு இன்றே ஓய்வு கொடுத்துவிடலாம். இயலாதாயின், அவருக்கு நியமன உத்தரவு அனுப்புங்கள். அடுத்த கலந்தாய்வில் என்னை எந்த ஊருக்கு வேண்டுமானாலும் மாற்றுங்கள். அவரை மட்டும் இங்கேயே விட்டுவைக்கப் பிரார்த்திக்கிறேன், எனக்குப் பின் வருகிறவரும் ஒரு பெண்ணாக இருக்கக்கூடும்.

இங்ஙனம்,
தங்கள் கீழ்ப்படிதலுள்ள
தலைமையாசிரியை
(சாருக்காக)