பெங்குவின் அண்ணனின் சின்ன வீடு

விழுப்புரம் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் யாராவது பேச்சுவாக்கில் ‘விண்டோஸ்’ என்று சொல்லிவிட்டால், வாயருகே கொண்டுபோன டம்ளரை அப்படியே கீழே வைப்பார் ஒருவர். அவரைத்தான் சொல்கிறேன். ஊருக்கு ஒருவர் உண்டு. திண்டிவனத்தில் இரண்டு பேர். ஒருவர் உபுண்டு, இன்னொருவர் டெபியன். இரண்டும் லினக்ஸ் வகைதான். அதனால் இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸுக்கு இந்த மாவட்டத்தில் பஞ்சமில்லை. விழுப்புரம் குனு/லினக்ஸ் பயனர் குழு என்று ஒரு அமைப்பே இருக்கிறது. கிராமத்துப் பிள்ளைகளுக்குக் காசு வாங்காமல் கம்ப்யூட்டர் சொல்லித் தருகிறார்கள். அவர்களைப் பற்றிய பேச்சல்ல இது. அண்ணன் எந்தக் குழுவிலும் சேராதவர். அவர் ஒருவரே ஒரு குழு.

அவர் மடிக்கணினியின் மூடிமேல் லினக்ஸின் சின்னமான பெங்குவின். கீபோர்டில் விண்டோஸ் சின்னம் போட்ட பட்டன்மேலும் ஒரு குட்டிப் பெங்குவினை அளவெடுத்து ஒட்டியிருப்பார். ரிச்சர்ட் ஸ்டால்மன் குனு திட்டத்தை அறிவித்தது 1983 செப்டம்பர் 27. ஹெல்சிங்கியில் படித்துக்கொண்டிருந்த 21 வயதுப் பையன் லினஸ் டோர்வால்ட்ஸ், தான் ஒரு ஓ.எஸ்., அதாவது இயங்குதளம், எழுதிக்கொண்டிருப்பதாகச் சேதி போட்டது 1991 ஆகஸ்ட் 25. இரண்டும் அண்ணனுக்குத் தூக்கத்தில் கேட்டாலும் வரும். கல்யாண நாளை மட்டும் அண்ணி நினைவுபடுத்த வேண்டும். திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தில் மல்லாட்டை ரகங்களுக்கு டி.எம்.வி. 2, டி.எம்.வி. 7 என்று எண் போட்டு வெளியிடுவார்கள். அண்ணனின் பென்டிரைவ் கொத்தில் உபுண்டு 22.04, 24.04, டெபியன் 12, 13 என்று அதைவிட அதிக ரகம் தொங்கும்.

இதெல்லாம் பொறுத்துக்கொள்ளக்கூடியதுதான். என்னால் தாங்க முடியாதது அந்தப் பத்து விநாடி.

கம்ப்யூட்டரில் இரண்டு ஓ.எஸ். இருந்தால், ஆன் செய்ததும் ‘எதற்குள் போகப் போகிறாய்?’ என்று கேட்டு ஒரு பட்டியல் வரும். பத்து விநாடி நிற்கும். மேலே உபுண்டு. கீழே, கடைசி வரியில், விண்டோஸ். அந்தப் பத்து விநாடியும் அண்ணனுக்கு இருமல் வரும். சார்ஜர் ஒயரைத் தேடிக் குனிவார். உள்ளங்கையைத் திரைமேல் வைத்துத் தூசி தட்டுவார். ஒருநாள் தட்டத் தாமதமாகிவிட்டது.

“அது இன்னாணா, கடைசியா?”

“அதுவா... அது ஒண்ணுமில்லப்பா. ஒரே ஒரு காரியத்துக்குத்தான் வெச்சிருக்கேன்.”

பெரிய வீட்டில் பூஜை புனஸ்காரம் எல்லாம் முறையாக நடத்திவிட்டு, சின்ன வீட்டைப் பற்றிக் கேட்டால் ‘ஒரு வரவு செலவு விஷயமா போயிட்டு வந்தேன்’ என்பார்களே, அதே குரல்.

அந்த ஒரே ஒரு காரியம் என்ன என்று நானும் விடாமல் கேட்டு வருகிறேன். ஒவ்வொரு தடவையும் வேறு ஒன்று.

ஒரு தடவை அது பிரிண்டர். மலிவு லேசர் பிரிண்டர்கள் பலவற்றுக்குச் சொந்த மூளை கிடையாது. பக்கத்தை வரைந்து கொடுக்கும் வேலையைக் கம்ப்யூட்டரே செய்ய வேண்டும். அதற்குத் தயாரித்த கம்பெனியின் டிரைவர் வேண்டும். கம்பெனி அதை விண்டோஸுக்கு முதலில் எழுதும். லினக்ஸுக்கு எழுதினால் எழுதும். “பிரிண்ட் எடுக்க மட்டும் அந்தப் பக்கம் போவேன்” என்றார்.

அடுத்த தடவை அது மச்சானின் மல்லாட்டை மண்டிக் கணக்கு. டேலி என்ற கணக்கு மென்பொருள் விண்டோஸுக்கானது. “உறவு விட்டுப் போயிடக் கூடாதில்ல?” அதற்கடுத்து வருமான வரி. துறை கொடுக்கும் எக்செல் படிவத்தில் மேக்ரோ இருக்கும். மைக்ரோசாஃப்டின் எக்செல்லில் திறந்தால்தான் சொன்னபடி கேட்கும். “வரி கட்டறது தேசக் கடமை” என்று அண்ணன் சொன்னபோது, எக்செல்லுக்கு மாற்று என்று லிப்ரே ஆபீஸைப் பற்றி அவர் ஒரு மணி நேரம் பேசியது என் காதில் இன்னும் ஒலித்துக்கொண்டிருந்தது.

பிறகு கோயில் விழா அழைப்பிதழ். அதை கோரல்டிராவில்தான் அச்சகத்துக்காரர் கேட்பார். கோரல்டிரா ஒரு காலத்தில் லினக்ஸுக்கும் வந்தது, 2000-ஆம் ஆண்டில். கம்பெனி சீக்கிரமே கைகழுவிவிட்டது. அண்ணன் அந்தச் சோகத்தை விரிவாகச் சொல்லிவிட்டு விண்டோஸுக்குள் போனார். அழைப்பிதழின் வாசகம் பேஜ்மேக்கரில் இருந்தது. அந்த மென்பொருளின் கடைசிப் பெரிய பதிப்பான 7.0 வெளிவந்தது 2001-ல். செய்த கம்பெனியே மறந்துபோனதை நம் டி.டி.பி. கடைகள் இன்னும் சோறு போட்டு வளர்க்கின்றன.

பிறகு ஒரு மனு. தமிழக அரசு ஒருங்குறியையும் டேஸ்16-ஐயும் தமிழுக்கான தரமாக அறிவித்தது 2010-ல், கோவைச் செம்மொழி மாநாட்டை ஒட்டி. ஆனாலும் வானவில் எழுத்துருவில் அடித்த பழைய கோப்புகள் அலுவலகம் அலுவலகமாகச் சுற்றுகின்றன. அதைத் திறந்து நாலு வரி சேர்க்க, பழைய தட்டச்சு மென்பொருள் வேண்டும். அது இருப்பது எங்கே? கடைசி வரியில்.

பையன் கேட்டான் என்று ஒரு விளையாட்டு. வாலரண்ட். அதன் திருட்டாட்டத் தடுப்பு மென்பொருள் லினக்ஸை உள்ளேயே விடாது. “பசங்க மனசு நோகக் கூடாதுப்பா.” பையன் ஹாஸ்டலுக்குப் போய்விட்டான். விளையாட்டு போகவில்லை.

ஒருநாள் அவர் எழுந்து போன நேரத்தில் பார்த்தேன். 512 ஜி.பி. டிஸ்க். ‘ஒரே ஒரு காரியம்’ 400 ஜி.பி.க்குக் கால் நீட்டிப் படுத்திருக்கிறது. கொள்கை மீதி இடத்தில் ஒண்டிக் குடித்தனம்.

விண்டோஸ் பக்கம் போய்வருவதை அண்ணன் எவ்வளவு மறைத்தாலும் கடிகாரம் காட்டிக்கொடுத்துவிடும். கம்ப்யூட்டருக்குள் பேட்டரியில் ஓடும் சின்னக் கடிகாரத்தை லினக்ஸ் உலகப் பொதுநேரமாக வைக்கும். விண்டோஸ் அதையே உள்ளூர் நேரம் என்று நம்பும். நம் நாட்டில் வித்தியாசம் ஐந்தரை மணி நேரம். லினக்ஸிலிருந்து விண்டோஸுக்குத் தாவியதும் நேரம் பின்னால் போய்விடும். காலை பத்து மணிக்கு அண்ணன் அடித்துக் கொடுத்த ரசீதில் ‘4.30’ என்று இருந்தது. கேட்டேன். “பிரம்ம முகூர்த்தத்துல எழுந்துடுவேன்” என்றார். அண்ணி உள்ளேயிருந்து சிரித்த சத்தம் கேட்டது.

விண்டோஸை அணைத்தாலும் அது முழுக்க அணையாமல் அரைத்தூக்கத்தில் இருக்கும். வேகமாக எழுந்திருக்க அப்படி ஓர் ஏற்பாடு. அந்த நிலையில் அதன் டிரைவை லினக்ஸில் திறந்தால் படிக்கலாம், எழுத முடியாது. சின்ன வீட்டில் ஒழுங்காக விடைபெற்று வராவிட்டால் பெரிய வீட்டில் பெட்டி திறக்காது. 2024 ஆகஸ்டில் வந்த ஒரு விண்டோஸ் அப்டேட், இரண்டு ஓ.எஸ்.ஸும் வைத்திருந்த பலரின் கம்ப்யூட்டரில் லினக்ஸைக் கிளம்பவே விடவில்லை. லினக்ஸ்காரர்கள் எல்லோரும் திட்டினார்கள். வழக்கமாக முதலில் திட்டும் அண்ணன் மட்டும் வாயைத் திறக்கவில்லை. திட்டினால், உனக்கெப்படித் தெரியும் என்று கேட்பார்களே.

நான் அண்ணனைக் குறை சொல்லவில்லை. அரசாங்கமே இப்படித்தானே? 2011-ல் மாணவர்களுக்கு இலவச மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியபோது அதில் விண்டோஸும் இருந்தது, சி-டாக் செய்த பாஸ் லினக்ஸும் இருந்தது. பிள்ளைகள் எதற்குள் போனார்கள் என்று சொல்லத் தேவையில்லை. அந்த மடிக்கணினிகள் கிழடுதட்டித் திணறியபோது உயிர் கொடுத்தது அண்ணன்தான். மயிலம் பக்கத்துக் கிராமத்தில் ஒரு பெண், கல்லூரியில் படிக்கிறவள். அவளுடைய இலவச மடிக்கணினி விண்டோஸ் திறக்கவே கால்மணி நேரம் எடுத்துக்கொண்டது. அண்ணன் வண்டியை எடுத்துக்கொண்டு போய், எடை குறைந்த லினக்ஸ் ஒன்றைப் போட்டு, மோர் குடித்துவிட்டு, பெட்ரோலுக்குக்கூடக் காசு வாங்காமல் வந்தார். 2025 அக்டோபர் 14-ஆம் தேதி விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்தது. பதினொன்றை ஏற்க முடியாத பழைய கம்ப்யூட்டர்களைக் காயலான் கடைக்குப் போகாமல் தடுப்பது இவரைப் போன்றவர்கள்தான். அந்த நேரத்தில் அவர் காலைத் தொட்டுக் கும்பிடலாம்.

ஆனால் திண்டிவனத்தில் என் சித்தப்பா மகன் கடையில் அவர் செய்ததை நான் மன்னிப்பதாக இல்லை.

அது ஜெராக்ஸ் கடை. பிரிண்ட், ஸ்கேன், மனு, ஆன்லைன் விண்ணப்பம். ஒரே கம்ப்யூட்டர், ஒரே வருமானம். விண்டோஸ் திருட்டுப் பதிப்பு என்பதைக் கண்டுபிடித்து அண்ணன் முகம் சுளித்தார். சுதந்திரம், தனியுரிமை, வைரஸ் என்று மூன்று டீ குடிக்கும் நேரம் பேசினார். தம்பி மயங்கிவிட்டான். “ரெண்டும் வெச்சிக்கலாமாணா?” என்று ஒரு வார்த்தை கேட்டானாம். “ரெண்டு படகுல கால் வைக்கக் கூடாதுடா தம்பி” என்று சொல்லி, டிஸ்க்கை முழுசாக ஃபார்மட் அடித்து, லினக்ஸ் மட்டும் போட்டுக்கொடுத்துவிட்டார்.

இதைச் சொன்னது 400 ஜி.பி. விண்டோஸ் வைத்திருக்கிற மனிதர்.

மறுநாள் காலை கடை வாசலில் ஸ்காலர்ஷிப் விண்ணப்பத்துக்குப் பிள்ளைகள். பிரிண்டர் பேசவில்லை. பத்திர எழுத்தர் கொண்டுவந்த பென்டிரைவில் இருந்த தமிழ், தமிழாகத் தெரியவில்லை. ஸ்கேனர் ஓடியது, அதுவரைக்கும் புண்ணியம். தம்பி போன் போட்டான். அண்ணன் விழுப்புரத்திலிருந்து பாசஞ்சர் பிடித்து வந்தார். வந்தவர் கடைக் கம்ப்யூட்டரைத் தொடவில்லை. தன் மடிக்கணினியைத் திறந்தார். இருமினார். கடைசி வரிக்குப் போனார். மதியம்வரை அத்தனை பேருக்கும் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தார். “பாத்தியா, ஒரே ஒரு காரியத்துக்குத்தான் வெச்சிருக்கேன்னு சொன்னேனே” என்று பெருமை வேறு.

இதில் சிரிக்க ஒன்றுமில்லை. ஒரு வாரம் அந்தப் பையனுக்குத் தொழில் படுத்துவிட்டது. பிரிண்டர் கம்பெனி டிரைவர் எழுதாதது அண்ணன் குற்றமல்ல. அலுவலகங்கள் பழைய எழுத்துருவை விடாததும் அவர் குற்றமல்ல. லினக்ஸ் நல்லது என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. வேலை நடக்க வேண்டும் என்பதற்காக இரண்டையும் வைத்திருப்பது கௌரவக் குறைச்சலே அல்ல. கொஞ்சம் இடமும் ஐந்தரை மணி நேரமும்தான் செலவு. தனக்கு அந்த வசதியை வைத்துக்கொண்டு அடுத்தவன் பிழைப்பில் தூய்மை பார்ப்பதுதான் குற்றம். கொள்கைக்குப் பட்டினி கிடக்க ஆசைப்படுகிறவர் தன் வயிற்றில் தொடங்க வேண்டும்.

ஆகவே, அண்ணன் உங்கள் வீட்டுக்கு வந்தால் உட்காரவைத்துக் காபி கொடுங்கள். பரணில் கிடக்கும் பழைய மடிக்கணினியைத் தாராளமாக அவர் கையில் கொடுங்கள். பொழைக்க வைத்துத் தருவார். பிழைப்பு ஓடுகிற கம்ப்யூட்டரைக் கேட்டால் மட்டும், “மொதல்ல உங்களோடதுல விண்டோஸ அழிச்சிட்டு ஒரு மாசம் கழிச்சி வாங்கணா” என்று மரியாதையாகச் சொல்லுங்கள். வரமாட்டார்.