வேடிக்கை பார்ப்போருக்கு ஒரு வாழ்த்து

கரூர் சாலையில் ஜீயபுரம் பக்கம் ஒரு காரும் பைக்கும் மோதிவிட்டால், நம் ஜனங்களைப் போல ஓடி வருகிறவர்களை வேறெங்கும் பார்க்க முடியாது. சத்தம் அடங்குவதற்குள் டீக்கடை காலி. ரத்தத்தைப் பார்த்துக் கை நடுங்குகிற கோழைகள் நம்மில் கிடையாது; பிடித்த செல்போன் இம்மியும் ஆடாது. 108-க்கு யாராவது போட்டிருப்பார்கள் என்று ஒவ்வொருவரும் அடுத்தவரை நம்புகிறோமே, அந்த நம்பிக்கையை என்னவென்று சொல்வது!

இரக்கத்திலும் குறைவில்லை. அரை மயக்கத்தில் கிடப்பவன் வாயில் சோடாவைப் புகட்டுகிறோம். அது மூச்சுக்குழாய்க்குள் போகுமே என்று தயங்கி நிற்க நமக்கு மனசு வராது. கழுத்தெலும்பு முறிந்திருக்குமோ என்ற ஆராய்ச்சியும் இல்லை. ஒருவர் கையை இழுக்க, ஒருவர் காலைத் தூக்க, தலை பின்னால் தொங்க, ஆட்டோவில் மடக்கித் திணித்துவிடுகிறோம்.

காரோட்டிக்கும் நாம் பேருதவி செய்கிறோம். அடிபட்டவருக்குச் சிகிச்சை கிடைக்கச் செய்ய வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஆம் பிரிவு அவருக்குக் கட்டளையிடுகிறது. கூட்டத்தின் ஆத்திரத்தால் முடியாமல் போனால் விலக்கு உண்டு. கண்ணாடியை உடைத்து, சட்டையைப் பிடித்து, அந்த விலக்கை அவருக்குத் தட்டாமல் வாங்கித் தருவது நாம்தான். 24 மணி நேரத்துக்குள் அவர் போலீஸ் ஸ்டேஷனில் சொல்லியாக வேண்டும் என்பதையும், "கேஸ் எதுக்கு, பேசி முடிச்சுக்கலாம்" என்கிற பெரியவர்கள் கையில் கிடைத்ததை வாங்கிக் கொடுத்துச் சுலபமாக்கிவிடுகிறார்கள். பிறகு இழப்பீடு கேட்டு அலையும் குடும்பத்துக்குக் காட்ட ஒரு காகிதம்கூட மிஞ்சாது.

"போலீஸ் கேஸ், தொடாதே!" என்று எச்சரிக்கும் அண்ணன்கள் எவ்வளவு உறுதியானவர்கள்! உதவுகிறவரைத் துன்புறுத்தக் கூடாது என்று 2016-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியும் அவர்கள் அசையவில்லை. 2019-இல் சட்டத்திலேயே 134ஏ என்று எழுதியும் அசையவில்லை. பெயரைக்கூடச் சொல்ல வேண்டாம், கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டுக் கிளம்பலாம். முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு 'இன்னுயிர் காப்போம்' திட்டம் 2021 டிசம்பரிலிருந்து இருக்கிறது. அரசாங்கம் இத்தனை செய்தும், முதல் ஒரு மணி நேரத்தை நின்றே கழிக்கிற பொறுமை யாருக்கு வரும்?

பக்தியில்தான் நம்மை மிஞ்ச ஆளில்லை. காவிரியில் போன பேரனை நினைத்து "ரங்கா, ரங்கா" என்று அழுத பாட்டிக்கு, ஸ்ரீரங்கத்துப் பெருமாளே பேரனாக வந்து பழைய சோறும் மாவடுவும் சாப்பிட்ட ஊர் இந்த ஜீயபுரம். பங்குனியில் நம்பெருமாள் இங்கே எழுந்தருளும்போது அந்தக் கதையைச் சொல்லி உருகுகிறோம். இன்னொரு பாட்டியின் பேரன் அதே ஊர்ச் சாலையில் தண்ணீர் கேட்டு முனகும்போதும், ரங்கன்தானே வர வேண்டும் என்று அவனுக்கு வழிவிட்டு, இரண்டடி தள்ளியே நிற்கிறோம்.