லாக் போன்களில் ஐந்திணைக் கூறுகள்: ஓர் ஆய்வு

முன்னுரை

ஒரே ஒரு கம்பெனியின் சிம்முக்கு மட்டும் வாய் திறக்கும் செல்பேசியை உலக வழக்கில் லாக் போன் என்பர். வேறு சிம்மைப் போட்டால் திரையில் ஒரு வரி எழுதிக் காட்டிவிட்டு அது மௌனம் காக்கும். இப்பொருள் குறித்துத் தமிழில் இதுவரை முழுமையான ஆய்வு எதுவும் வெளிவரவில்லை. (எந்தத் தலைப்பானாலும் இந்த வாக்கியத்தை எழுதிவிட்டே ஆய்வைத் தொடங்குவது மரபு. நூலகத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு எழுதுவது மரபன்று.) முன்னுரை, முடிவுரை நீங்கலாக இவ்வாய்வேடு ஐந்து இயல்களை உடையது. ஏன் ஐந்து எனின், திணை ஐந்து ஆகலான்.

ஆய்வு நெறிமுறை: விளக்கமுறை, ஒப்பீட்டுமுறை. பக்கம் போதாதவிடத்துப் பகுப்பாய்வு முறை.

கருதுகோள்: காசு கொடுத்தவனுக்குப் போன் சொந்தம். சாவி சொந்தமில்லை.

இயல் 1: தோற்றமும் காலமும்

லாக் போனின் காலம் பற்றி அறிஞரிடையே கடும் பூசல் உண்டு. 2003 ஜூலையில் ரிலையன்ஸ் 501 ரூபாய் முன்பணத்துக்கு சி.டி.எம்.ஏ. செட்டைக் கையில் கொடுத்ததே, அன்றே லாக் போன் நம் ஊருக்கு வந்துவிட்டது என்பர் ஒரு சாரார். மற்றொரு சாரார் இதை மறுப்பர். அந்தச் செட்டில் சிம்மே கிடையாது, நம்பரைச் செட்டுக்குள்ளேயே எழுதிக் கொடுத்தார்கள், வாசற்படியே இல்லாத வீட்டுக்குப் பூட்டு ஏது என்பது அவர்கள் வாதம். இரு சாராரும் ஒருவர் கட்டுரையை மற்றவர் படிக்காமலே மறுத்து வருவதால் இவ்விவாதம் நல்ல நிலையில் இருக்கிறது.

ஐபோன் காலத்தில் ஐயமில்லை. 2007 ஜூன் 29 அன்று அமெரிக்காவில் கடைக்கு வந்தபோது அதன் விலை 499 டாலர், நினைவகம் கொஞ்சம் பெரியது 599. முழுப்பணத்தையும் எண்ணி வைத்த பிறகும் ஏ.டி. அண்ட் டி. கம்பெனியோடு இரண்டு ஆண்டு ஒப்பந்தம் உண்டு. அடுத்த ஆண்டு வந்த 3ஜி மாடலை 199 டாலருக்கே கொடுத்தார்கள். போன் விலையில் பெரும்பங்கைக் கம்பெனி தானே போட்டு, மாதாமாதம் பில்லில் வாங்கிக்கொள்ளும். வாங்கியவர் பாதியில் ஓடிவிடாதபடி பிணையாக நிற்பது பூட்டு. இது வணிகம், புரிகிறது.

அதே போன் 2008 ஆகஸ்ட் 22 அன்று ஏர்டெல், வோடஃபோன் வழியாக இந்தியாவுக்கு வந்தது. 8 ஜிபி மாடல் 31,000 ரூபாய். தள்ளுபடி இல்லை, ஒப்பந்தமும் இல்லை, பூட்டு மட்டும் இருந்தது. கடனே வாங்காதவனிடம் பிணை எழுதி வாங்கிய இந்த நிகழ்வு தனி ஆய்வுக்குரியது என்பது ஈண்டு நோக்கற்பாலது. (சான்று: அப்போது வாங்கிய ஒருவர், நேரில். குரல் தழுதழுத்தது.)

இயல் 2: ஐந்திணைப் பாகுபாடு

இனி மூலநூலுக்கு வருவோம். ஜி.எஸ்.எம். தரநிலைகளுள் 02.22 எனும் எண்ணுடைய நூல் பூட்டுகளை ஐந்தாக வகுக்கிறது. நாலோ ஆறோ அன்று, ஐந்து. இதைக் கண்டபோது ஆய்வாளருக்கு ஏற்பட்ட மெய்ப்பாடு பெருமிதம்.

முதலாவது நெட்வொர்க் பூட்டு. சிம்முக்குள் ஐ.எம்.எஸ்.ஐ. என்று ஒரு எண் இருக்கிறது. அதன் முதல் மூன்று இலக்கம் நாட்டைச் சொல்லும். இந்தியாவுக்கு 404, 405. அடுத்த இரண்டு மூன்று இலக்கம் கம்பெனியைச் சொல்லும். போன் அந்த இலக்கங்களை மட்டும் படிக்கும், பொருந்தினால் கூடும். எனவே இது குறிஞ்சி, உரிப்பொருள் புணர்தல். கருப்பொருள் டவர். டவரை மலைமேல் நாட்டுவதால் நிலமும் ஒத்துவருகிறது.

இரண்டாவது நெட்வொர்க் உட்பிரிவுப் பூட்டு. கம்பெனி அதுவே ஆனாலும் குறிப்பிட்ட எண்வரிசையில் வரும் சிம்முக்கு மட்டுமே திறக்கும். அது வரும்வரை இருத்தல். முல்லை.

மூன்றாவது சேவை வழங்குநர் பூட்டு. டவர் ஒருவருடையது, பில் போடுகிறவர் வேறொருவர் எனும் நாடுகளில் இது பயிலும். இருவருள் யாரிடம் கோபித்துக்கொள்வது என்று வாடிக்கையாளருக்குத் தெரியாது. மருதம், ஊடல்.

நான்காவது நிறுவனப் பூட்டு. ஆபீஸ் கொடுத்த போன், ஆபீஸ் கொடுத்த சிம்மில் மட்டுமே பேசும். நெய்தல், இரங்கல். விளக்கம் வேண்டாம்.

ஐந்தாவது சிம் பூட்டு. உலகத்தில் உள்ள அத்தனை சிம்களுள் ஒரே ஒரு சிம்முக்கு மட்டும் இந்தப் போன் திறக்கும். தொல்காப்பியர் பாலைக்குத் தனி நிலம் வகுக்கவில்லை. இந்தப் பூட்டும் நெட்வொர்க் முழுமைக்கும் உரியதன்று. சிம் தொலைந்தால் பிரிவு. பாலையேதான்.

இவ்வளவு பொருத்தம் தற்செயலாக வாய்க்காது. இதிலிருந்து ஜி.எஸ்.எம். குழுவினர் தொல்காப்பியம் கற்றிருந்தனர் என்றோ, தொல்காப்பியர் ஜி.எஸ்.எம். அறிந்திருந்தார் என்றோ கொள்ளலாம். இரண்டாவதை நிறுவுவது எளிது. கருத்தரங்கில் கைதட்டலும் அதற்கே அதிகம்.

அகத்திணையுள் எஞ்சிய இரண்டையும் விட்டுவிட முடியாது. சிம் எடுக்காத போனை வீட்டு வைஃபையில் மட்டும் வைத்துக்கொண்டு, இதுவும் போன்தான் என்று சொல்லிக்கொள்வது கைக்கிளை. ஐ.எம்.இ.ஐ. எண் கறுப்புப் பட்டியலில் ஏறிவிட்ட திருட்டுப் போனைக் காசு கொடுத்து அன்லாக் செய்வது பெருந்திணை.

இயல் 3: கற்பும் களவும்

ஒப்பந்தம் முடியும்வரை ஒரே கம்பெனியோடு குடித்தனம் நடத்துவது கற்பு. முடிந்தபின் கம்பெனியே மனமிரங்கி அன்லாக் கோட் தருவது அறத்தொடு நிற்றல். நம்பரைக் கையோடு தூக்கிக்கொண்டு வேறு கம்பெனிக்குப் போவது உடன்போக்கு. 2011 ஜனவரி 20 முதல் இந்தியா முழுவதும் இதற்கு அனுமதி உண்டு.

களவுக்குத் தமிழகத்தில் களம் இரண்டு: பாரிமுனைப் பக்கம் பர்மா பஜார், மவுண்ட் ரோடு பக்கம் ரிச்சி தெரு. பர்மாவிலிருந்து வந்தவர்களுக்காக 1969இல் ஏற்பட்ட பஜார், ஃபாரின் செட்டுகளின் பல்கலைக்கழகமாக வளர்ந்தது. அமெரிக்காவிலிருந்து அத்தை மகன் ஆசையாகக் கொண்டுவந்து கொடுத்த போனைக் கண்ணாடி மேசைமேல் வைத்ததும், கடைக்காரர் அதைக் கையில்கூட எடுக்காமல், “ஏடிஅண்ட்டி லாக்கா சார்? வெச்சுட்டுப் போங்க, நாளைக்கு வாங்க” என்பார். தரநிலை நூலை இவர் படித்ததில்லை. ஆயினும் ஐந்து பூட்டுகளுள் எது என்பதைப் போனின் முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார். (சான்று: பெயர்ப்பலகை அழிந்த கடை, இடப்புறச் சுவர், கண்ணாடிக்குப் பின் ஒட்டிய தாள், மூன்றாம் வரி: “அன்லாக் செய்த செட் திரும்ப லாக் ஆனால் கம்பெனி பொறுப்பல்ல.” எந்தக் கம்பெனி என்று உரையில் இல்லை.)

பழைய நோக்கியாவில் பூட்டைத் திறக்கும் முறை மந்திர சாத்திரத்தோடு ஒப்பிடத்தக்கது. சிம் இல்லாமல் போனை ஆன் செய்ய வேண்டும். ஹாஷ், பி, டபிள்யூ, பிளஸ், அப்புறம் பதினைந்து இலக்கக் கோட், மறுபடி பிளஸ், ஒன்று, ஹாஷ். இதில் பி என்ற எழுத்தை ஏழாம் எண் பட்டனில் தேடிப் பயனில்லை. ஸ்டார் பட்டனைச் சட்டென்று இரண்டு முறை தட்டினால் பிளஸ், மூன்று முறை தட்டினால் பி, நான்கு முறை தட்டினால் டபிள்யூ. கட்டைவிரல் ஒரு தட்டு தயங்கினால் பிக்குப் பதில் ஸ்டாரும் பிளஸ்ஸும் வந்து நிற்கும். தப்பான கோடை ஐந்து முறை அடித்துவிட்டால் பட்டன் வழிக் கதவு சாத்தப்படும், பிறகு கேபிள்தான் கதி. (இங்கு ‘ஐந்து முறை’ என்பது பாடம். ‘மூன்று முறை’ எனவும் பாடபேதம் உண்டு. இதை டீக்கடை பில்லின் பின்புறம் பென்சிலால் எழுதப்பட்ட, பெயர் கிடைக்காத உரைகாரர் ஒருவரின் அரும்பதவுரையில் காணலாம். பில்லின் கீழ்ப்பாதியை வடைச் சட்னி தின்றுவிட்டது. மேற்பாதியைப் படியெடுத்த கடைப் பையன் ‘பி’யையும் ‘9’ஐயும் வேறுபடுத்தாமல் எழுதியிருப்பதால் பிற்காலத்துச் செட்டுகள் பல செத்தன. பையனின் கையெழுத்தே மூலம், மூலமே இடைச்செருகல் என்பாரும் உளர். அவர்களுக்கு நம் மறுப்பு இருநூறு பக்கத்தில் தனி நூலாக வரும்.)

ஐபோனுக்கு வேறு வழி. சிம்மின் அளவில் வெட்டிய, சின்ன சிப் ஒட்டிய ஒரு மெல்லிய தகட்டைச் சிம்மோடு சேர்த்து ட்ரேயில் செருகுவார்கள். உள்ளே வந்திருப்பது சொந்தச் சிம்மே என்று போன் நம்பும். அடுத்த அப்டேட் வரும்வரை நம்பும். அகப்பொருள் மரபில் இந்தத் தகட்டைத் தோழி என்க.

களவின் தலைமகன் நியூ ஜெர்சியைச் சேர்ந்த ஜார்ஜ் ஹாட்ஸ். 2007 ஆகஸ்டில், பதினேழு வயதில், சால்டரிங் அயர்னோடு உட்கார்ந்து ஐபோனை ஏ.டி. அண்ட் டி.யிடமிருந்து மீட்டார். மீட்ட போனில் ஒன்றைக் கொடுத்து நிஸ்ஸான் 350இசட் கார் ஒன்றும் புதிய ஐபோன் மூன்றும் பெற்றார். களவில் தலைவனுக்கே பரிசம் கிடைத்தது இலக்கண நூல்களில் இல்லாத புதுமை.

இயல் 4: நூலகரியல்

இவ்வியல் சற்று நீளும். பொறுத்தருள்க.

அமெரிக்காவில் ஒருவர் தன் காசில் வாங்கிய போனைத் தானே அன்லாக் செய்யலாமா என்று முடிவு செய்யும் அதிகாரி யார்? தொலைத்தொடர்பு அமைச்சர், நீதிபதி, போலீஸ் கமிஷனர் என்று விடை எழுதுவோருக்கு மதிப்பெண் இல்லை. நூலகர். காங்கிரஸ் நூலகத்தின் தலைமை நூலகர்.

காரணம் கேட்டால் தர்க்க சாத்திரம் படித்தவரும் தலையாட்டுவார். போனுக்குள் ஓடுவது மென்பொருள். மென்பொருள் என்பது எழுதப்பட்டது, எழுதப்பட்டதற்குப் பதிப்புரிமை உண்டு. பதிப்புரிமைக்குப் போட்ட டிஜிட்டல் பூட்டை உடைப்பது 1998ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். பதிப்புரிமை அலுவலகம் காங்கிரஸ் நூலகத்துக்குள் இருக்கிறது. ஆகவே மூன்று ஆண்டுக்கு ஒருமுறை, எந்தெந்தப் பூட்டை உடைக்கலாம் என்று விலக்கு அளிப்பவர் நூலகர். ஒவ்வொரு படியும் சரி. ஏறி முடித்துப் பார்த்தால் நிற்கும் இடம்தான் விசித்திரம்.

2006இல் நூலகர் விலக்கு அளித்தார், 2010இல் புதுப்பித்தார். 2012 அக்டோபரில், போதும், கடையிலேயே பூட்டில்லாத போன்கள் கிடைக்கின்றனவே என்று நிறுத்திவிட்டார். 2013 ஜனவரி 26 முதல் வாங்கிய போனைக் கம்பெனியைக் கேட்காமல் அன்லாக் செய்வது சட்டவிரோதம் ஆயிற்று. (நாள் நம் குடியரசு தினம் என்பது தற்செயலா? மேலாய்வுக்குரியது. கருத்தரங்க அழைப்பு வந்தால் தற்செயலன்று.) இதையே தொழிலாக, லாபத்துக்காகச் செய்து பிடிபட்டால் முதல் தடவைக்கே ஐந்து லட்சம் டாலர் வரை அபராதம், ஐந்து ஆண்டு வரை சிறை. பர்மா பஜாரில் ஒரு மேசைக்குப் பின்னால் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் நடந்துவிடுகிற வேலைக்கு இவ்வளவு.

அந்த நூலகர் ஜேம்ஸ் பில்லிங்டன். ரஷ்யப் பண்பாட்டு வரலாற்றில் பேரறிஞர். அதாவது ரஷ்யாவின் திருவுருவங்களையும் சிந்தனை மரபையும் வாழ்நாளெல்லாம் கற்ற ஒருவரின் கையொப்பத்தில் அத்தனை அமெரிக்கர்களின் சிம் ட்ரேயும் கிடந்தது. ஒரு துறையில் பட்டம் பெற்றவர் எல்லாத் துறைக்கும் தலைமை தாங்கலாம் எனும் நம் பல்கலைக்கழகக் கொள்கை வாஷிங்டன் வரை பரவியிருப்பதற்கு இதைவிடச் சான்று வேண்டா.

நம் ஆராய்ச்சி நூலகங்களோடு ஒப்பிட்டால் உண்மை இன்னும் துலங்கும். அங்கே நூலகர் சொன்னால் நாட்டில் உள்ள பூட்டெல்லாம் திறக்கும். இங்கே நூலகத்தின் சொந்த பீரோவே திறப்பதில்லை. சாவி ஓய்வுபெற்றவரோடு போய்விட்டது. (சான்று: பீரோவுக்குள் இருக்கும் கையெழுத்துப் படி. அதில் ஏழாம் ஏட்டில் இது பற்றித் தெளிவான குறிப்பு உண்டு என்று, அந்தப் பீரோவைத் தாமும் திறந்து பார்த்திராத பேராசிரியர் ஒருவர், தம் ஆசிரியர் சொல்லக் கேட்ட இன்னொருவர் எழுதிய அணிந்துரையின் அடிக்குறிப்பை மேற்கோள் காட்டித் தம் மாணவரின் ஆய்வேட்டில் எழுதியுள்ளார். அந்த மாணவரே இப்போது பேராசிரியர். அவர் மாணவர் நம்மை மேற்கோள் காட்டியுள்ளார்.)

அன்லாக் தடையை எதிர்த்து ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வெள்ளை மாளிகைக்கு மனுப் போட்டார்கள். போன் திறக்கும் உரிமையைத் திருப்பித் தரும் சட்டத்தில் 2014 ஆகஸ்ட் 1 அன்று ஒபாமா கையெழுத்திட்டார். ஒரு பூட்டுக்குக் குடியரசுத் தலைவர் சாவி போட்டது வரலாற்றில் அரிது.

இயல் 5: ஜியோபோன்

2017இல் வந்தது. ஜியோ சிம் மட்டுமே எடுக்கும். 1,500 ரூபாய் கட்டி வாங்கி, மூன்று ஆண்டு கழித்துச் செட்டைத் திருப்பிக் கொடுத்தால் பணம் திரும்பும் என்றார்கள். இது விற்பனையா, வாடகையா, அடகா என்று துணியப் புறத்திணையில் இடம் தேடினோம். வாங்கியவர்கள் யாரும் தேடவில்லை, பாட்டுக் கேட்டார்கள்.

முடிவுரை

கனடா 2017 டிசம்பரிலும், ஜப்பான் 2021 அக்டோபரிலும், பிரிட்டன் அதே ஆண்டு டிசம்பரிலும் லாக் போன் விற்பனைக்கு முற்றுப்புள்ளி வைத்தன. ஆய்வுப்பொருள் அழிந்துவருவதால் ஆய்வுக்கு இதுவே தக்க பருவம். உயிரோடு இருக்கும் பொருளை ஆராய்ந்தால் அது மறுத்துப் பேசும் இடர் உண்டு.

வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளர் ஆய்வேட்டைக் கையில் தூக்கிப் பார்த்தார், பிரிக்கவில்லை. பையிலிருந்து ஒரு போனை எடுத்து மேசைமேல் வைத்தார்.

“தம்பி, என் பொண்ணு அமெரிக்காவுலேர்ந்து அனுப்பிச்சா. நம்ம ஊர் சிம்மப் போட்டா எடுக்கவே மாட்டேங்குது. என்னன்னு பாருங்களேன்.”

“ஐயா, இது இரண்டாம் இயலில் சொன்ன குறிஞ்சி. முதற்பொருள்...”

“அதெல்லாம் இருக்கட்டும்ப்பா. பஜார்ல எவ்ளோ கேப்பான்?”

ஆய்வாளர் நெறியாளரைப் பார்த்தார். நெறியாளர் தம் சட்டைப் பையிலிருந்து இன்னொரு போனை எடுத்து முதல் போனுக்குப் பக்கத்தில் வைத்து, “ரெண்டாக் குடுத்தா கொறைச்சுக்குவானா?” என்றார்.

ஆய்வேடு முனைவர் பட்டத்துக்கு உரியது என்று அன்று மாலையே பரிந்துரைக்கப்பட்டது. போன் இரண்டும் இன்னும் பஜாரில்தான் இருக்கின்றன. கடைக்காரர் நாளைக்கு வரச் சொல்லியிருக்கிறார்.