வெறுங்காலுக்கு ஒரு செருப்பு

காலில் எதுவுமே இல்லை என்று காலை நம்பவைக்கும் காலணிக்கு வெறுங்கால் செருப்பு என்று பெயர். ஓட்டத்துக்கு ஷூவாகவும், மலையேற்றத்துக்குக் கணுக்கால் வரை மூடிய பூட்ஸாகவும் கிடைக்கிறது. அதன் இலக்கணம் மூன்று. குதியும் முன்பாதமும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். கடைக்காரர்கள் இதை ஜீரோ டிராப் என்பார்கள். விரல்கள் விசிறிபோல் விரிய இடம் வேண்டும். அடி மெல்லியதாக, சப்பாத்திபோல் சுருட்டக்கூடியதாக இருக்க வேண்டும். விலை இலக்கணத்தில் சேராது. ஆனாலும் முதலில் கண்ணில் படுவது அதுதான்.

சாதாரண ஓட்டக் காலணியில் குதிப்பக்கம் முன்பக்கத்தைவிட 8 முதல் 12 மில்லிமீட்டர் உயர்ந்திருக்கும். அதைப் போட்டவர் எப்போதும் ஒரு சின்ன இறக்கத்தில் நிற்கிறார். 2015இல் 11 நாடுகளைச் சேர்ந்த 42 வல்லுநர்கள் கலந்து பேசி, எந்தக் காலணி எவ்வளவு 'குறைவானது' என்று அளக்க மதிப்பெண் முறை ஒன்றை வகுத்தார்கள். எடை, அடியின் கனம், குதி உயரம், வளைவு, காலைப் பிடித்து நிறுத்தும் உபகரணங்கள் என ஐந்து பாடங்கள், பாடத்துக்கு 20 மதிப்பெண். எடை 125 கிராமுக்குள்ளும் அடி 8 மில்லிமீட்டருக்குள்ளும் குதி உயரம் 1 மில்லிமீட்டருக்குள்ளும் இருந்தால் அந்தந்தப் பாடத்தில் முழு மதிப்பெண். குளியலறை வாசலில் கிடக்கும் ஹவாய் செருப்பு இந்தத் தேர்வை எழுதினால் மட்டத்திலும் வளைவிலும் நன்றாகத் தேறி, அடிக்கனத்தில் கோட்டைவிடும். பெரும்பாலான மாணவர்களின் கதைதான்.

இத்தனை ஆராய்ச்சிக்கும் பாதம் தகுதியானதே. ஒரு பாதத்தில் 26 எலும்புகள், இரண்டிலும் சேர்ந்து 52. உடலின் மொத்த எலும்புகள் 206. ஆக, எலும்புகளில் கால்பங்கு காலில்தான் இருக்கிறது. எண்ணிப் பார்க்காமலே தமிழ் இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்துவிட்டது. மூடிய காலணி இந்த எலும்புகளை என்ன செய்கிறது என்பதற்கு நல்ல சாட்சியம் கர்நாடகத்திலிருந்து வந்தது. மங்களூர் மருத்துவர்கள் ராவும் ஜோசப்பும் 4 முதல் 13 வயது வரையுள்ள 2,300 குழந்தைகளின் பாதச்சுவடுகளை எடுத்துப் பார்த்து 1992இல் முடிவை வெளியிட்டார்கள். காலணி போட்ட குழந்தைகளில் 8.6 சதவீதம் பேருக்குத் தட்டைப்பாதம், போடாதவர்களில் 2.8 சதவீதம். விரலை மூடும் ஷூ போட்டவர்களிடம் அதிகம், செருப்பு போட்டவர்களிடம் குறைவு, வெறுங்காலிடம் மிகக் குறைவு. 'செருப்பைப் போட்டுக்கொண்டு விளையாடு' என்று துரத்திய அம்மாக்கள் யாரும் இந்த ஆய்வைப் படித்ததாகத் தெரியவில்லை.

வெறுங்காலின் விளையாட்டு வரலாறு புகழ் மிக்கது. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் இந்தியக் கால்பந்து அணியில் பெரும்பாலோர் பூட்ஸ் இல்லாமல் பிரான்ஸுடன் மோதினார்கள். மைசூருக்கு ஆடிய சாரங்கபாணி ராமன் 70ஆம் நிமிடத்தில் கோல் போட்டார். இரண்டு பெனால்டிகள் வீணாகி, ஆட்டம் 2–1 என்று பிரான்ஸுக்குப் போனது. 1960இல் ரோமில் எத்தியோப்பியாவின் அபெபே பிக்கிலா வெறுங்காலோடு மாரத்தான் ஓடி 2 மணி 15 நிமிடம் 16 விநாடியில் தங்கம் வென்றார். நான்கு ஆண்டு கழித்து டோக்கியோவில் ஷூ போட்டு ஓடி, அதைவிட மூன்று நிமிடம் குறைத்து மறுபடியும் தங்கம் வென்றார். வெறுங்கால் அன்பர்கள் ரோமைப் பற்றி நிறையப் பேசுவார்கள். டோக்கியோ வந்தால் தண்ணீர் குடிக்கப் போய்விடுவார்கள்.

வியாபாரம் பிறகு வந்தது. 2005 வாக்கில் இத்தாலியின் வைப்ரம் நிறுவனம் ஐந்து விரலுக்கும் தனித்தனி உறையுள்ள காலணியை வெளியிட்டது. 2009இல் கிறிஸ்டோபர் மெக்டூகல், மெக்சிகோ மலைகளில் தட்டைச் செருப்போடு நாள் முழுக்க ஓடும் தாராஹுமாரா மக்களைப் பற்றி எழுதிய புத்தகம் அதற்குத் தீ மூட்டியது. உடல்நலம் பெருகும் என்ற வைப்ரத்தின் விளம்பரத்துக்கு ஆதாரம் எங்கே என்று அமெரிக்காவில் வழக்கு வந்தது. 2014இல் நிறுவனம் தவறை ஒப்புக்கொள்ளாமலே 37.5 லட்சம் டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது.

இந்தக் காலணியைப் பற்றிப் பேசக் கர்நாடகத்தின் கோலார் தங்கவயலைவிடப் பொருத்தமான ஊர் குறைவு. வெறுங்காலின் இரு பக்கமும் தெரிந்த ஊர் இது. 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி சுரங்கத்தை எடுத்து நடத்தத் தொடங்கியபின், வட ஆற்காடு, சேலம், சித்தூர்ப் பக்கங்களிலிருந்து தமிழர்கள் வந்து சேர்ந்தார்கள். அவர்கள் விட்டு வந்த பல கிராமங்களில், ஒடுக்கப்பட்ட சாதியார் மேல்சாதித் தெருவில் செருப்பு போட்டு நடக்கக் கூடாது என்பது சட்டத்தைவிடக் கடுமையான வழக்கம். தங்கவயலிலும் துரைமாருக்குப் பங்களாவும் கிளப்பும், தொழிலாளருக்கு லைன் வீடு என்று மேடு பள்ளம் இருந்தது. ஆனாலும் சம்பள நாளில் ஒரு ஜோடி செருப்பு வாங்கிப் போட்டுக்கொண்டு கடைத்தெருவில் நடந்தால், எந்தத் தெருவில் எங்கே கழற்ற வேண்டும் என்று கணக்குப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. 'இயற்கையோடு இணைந்த வெறுங்கால் வாழ்வு' என்ற விளம்பர வாசகம் இந்த ஊரில் சற்றுத் தயங்கித்தான் நுழைய வேண்டும்.

சுரங்கத்துக்குள் காரணம் இன்னும் நேரடியானது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே போனது. அந்த ஆழத்தில் பாறையின் வெப்பம் 60 டிகிரி செல்சியசைத் தாண்டியது. தரையை உணர்ந்து நடக்கும் இன்பத்தை அங்கே யாரும் கேட்கவில்லை. ஈரமும் சூடும் சேர்ந்த சுரங்க மண்ணில் கொக்கிப்புழு வேறு உண்டு. அதன் இளம்புழு வெறுங்காலின் தோலைத் துளைத்து உள்ளே போய் வளர்ந்து, ரத்தத்தைக் குடித்துச் சோகை உண்டாக்கும். இங்கிலாந்தின் கார்ன்வால் சுரங்கங்களில் பரவிய மர்மச் சோகைக்கு இதுவே காரணம் என்று 1900களின் தொடக்கத்தில் உடலியல் அறிஞர் ஹால்டேன் காட்டினார். தங்கவயலுக்கு மேஸ்திரிகளாகவும் கேப்டன்களாகவும் வந்த வெள்ளையர்களில் பலர் அதே கார்ன்வால்காரர்கள்தான்.

ஆகவே, ஓய்வுபெற்ற சுரங்கத் தொழிலாளி ஒருவரின் வீட்டுக்கு வெறுங்கால் ஷூ பார்சலில் வந்தால் என்ன நடக்கும் என்று ஊகிக்கலாம். விடியற்காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போய்வரும் மகன் பெட்டியைப் பிரிக்கிறான்.

"எவ்ளோடா?"

"பன்னெண்டாயிரம்பா."

"அடியே இல்லையேடா இதுக்கு."

"அதான்பா இதோட விசேஷமே."

"அப்போ எங்க தாத்தா கோடீஸ்வரர்னு சொல்லு."

அம்மா தலையிட்டு, பெட்டி கெட்டியாக இருக்கிறது, அதைத் தூக்கிப் போட வேண்டாம் என்கிறார். பருப்பு கொட்டி வைக்க ஆகும்.

தேர்ந்தெடுக்கும் முறைக்கு வருவோம். முதல் வேலை அளவு. பாதம் காலையில் ஓர் அளவு, மாலையில் ஓர் அளவு; நாள் முழுக்க நின்று நடந்து கொஞ்சம் வீங்கும். எனவே மாலையில், செய்தித்தாளின்மேல் முழு எடையோடு நின்று, பென்சிலை நேராகப் பிடித்து இரண்டு பாதங்களையும் வரைந்து வெட்டிக்கொள்ள வேண்டும். இரண்டும் ஒன்றாக இருக்காது, பெரியதே கணக்கு. கடையில் ஷூவின் உள்ளட்டையை உருவி, வெட்டிய பாதத்தை அதன்மேல் வைத்துப் பார்க்கலாம். நீளத்தில் ஒரு கட்டைவிரல் அகலம் மிச்சம் வேண்டும், இல்லையென்றால் இறக்கத்தில் நகம் கறுத்துவிடும். பக்கவாட்டில் காகிதம் வெளியே எட்டிப்பார்த்தால் அந்த ஷூ ஆகாது. செருப்போடும் வெறுங்காலோடும் வளர்ந்த பாதத்துக்கு அகலம் விரல் பக்கம்தான் அதிகம். ஷூக்களோ அந்த இடத்தில்தான் கூர்மையாகக் குறுகும். கல்யாண மாப்பிள்ளை ஷூவைப் பார்த்தால், விரல்களைக் கூப்பிக் கும்பிட்டபடி நடக்கும் ஏதோ ஒரு பிராணிக்காகத் தைத்தது என்று தோன்றும்.

அடுத்து வளைத்துப் பார்ப்பது. ஷூவைச் சுருட்ட வேண்டும், பிறகு ஈரத்துணி பிழிவதுபோல் முறுக்க வேண்டும். இரண்டுக்கும் இணங்கினால் அது உண்மையான வெறுங்கால் ஷூ. கடைக்காரர் முகத்தைப் பார்க்காமல் செய்வது நல்லது.

அடிக்கனம் தரையைப் பொறுத்தது. தங்கவயலின் ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட், பள்ளி மைதானம் ஆகியவற்றுக்கு 4 மில்லிமீட்டர் தாராளம். தங்கவயலிலிருந்து கோலார் போய் அந்தரகங்கை மலை ஏறுபவருக்கு அது போதாது. காசி விசுவநாதர் கோயில் வரை படிக்கட்டு, கோயிலில் நந்தி வாயிலிருந்து விழும் நீர், எல்லாம் சுகமே. அதற்குமேல் உருண்டு கிடக்கும் பாறைகளும், அவற்றின் இடுக்கில் தவழ்ந்து போகும் குகைகளும். பாறைமேல் மெல்லிய அடி நன்றாகப் பற்றும். எங்கே கால் வைக்கிறோம் என்பது தெரியும். ஆனால் இறங்கி வரும்போது பருக்கைக் கல் ஒவ்வொன்றும் தன்னைத் தனித்தனியாக அறிமுகம் செய்துகொள்ளும். 6 முதல் 8 மில்லிமீட்டர் கனமும் அடியில் ஆழமான பற்களும் உள்ளதை வாங்குவது புத்திசாலித்தனம். கோடை நண்பகலில் எந்தக் கனமும் உதவாது. அந்தப் பாறையில் தோசை வார்க்கலாம். முள் விஷயம் வேறு. சீமைக்கருவேல முள்ளுக்கு 4 மில்லிமீட்டர், 14 மில்லிமீட்டர் என்ற பேதம் கிடையாது.

பூட்ஸா ஷூவா என்பதில் ஒரு தவறான நம்பிக்கை உண்டு. மெல்லிய பூட்ஸ் கணுக்காலைத் தாங்கிப் பிடிக்காது. கணுக்காலை முள், கல் சிராய்ப்பு, புதரில் இருக்கும் ஜந்துக்கள் ஆகியவற்றிலிருந்து மறைக்கும், அதற்காக வாங்கலாம். காலையில் போடுமுன் கவிழ்த்து இருமுறை தட்ட வேண்டும், தேளும் அகலமான விரல் இடத்தை விரும்பும். தண்ணீர் புகாத பூட்ஸ் கோலார் மாவட்டத்துக்கு வீண் செலவு. வறட்சிக்குப் பெயர்போன மாவட்டத்தில் அது வெளித்தண்ணீரைத் தடுப்பதைவிட உள்வேர்வையைச் சேமிப்பதே அதிகம்.

ஊருக்கு நடுவே மலைபோல் நிற்கும் சயனைடு மேடுகளுக்கு எந்தக் காலணியும் பரிந்துரைக்கப்படவில்லை. தங்கம் பிரித்தபின் கொட்டிய அரைத்த பாறைப்பொடி அது; காற்றடித்தால் நுரையீரலுக்குப் போகும். சினிமாவில் அழகாகத் தெரிவது உண்மைதான்.

வாங்கிய முதல் நாளே பத்து கிலோமீட்டர் நடப்பவர் மறுநாள் படிக்கட்டில் பின்னோக்கி இறங்குவார். குதி உயரத்துக்குப் பழகிய கெண்டைக்கால் சதையும் குதிநாணும் நீள மறுக்கும். 2013இல் அமெரிக்க ஆய்வு ஒன்றில், 10 வாரத்தில் ஐந்துவிரல் காலணிக்கு மாறிய ஓட்டக்காரர்களில் பாதிப்பேருக்கு மேல் பாத எலும்பின் உள்ளே வீக்கம் காணப்பட்டது. முதல் வாரம் நாளுக்குப் பத்து நிமிடம், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக, மாதக்கணக்கில் பழக்க வேண்டும். சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் இந்தப் பக்கமே வர வேண்டாம். ஆணி குத்தினாலும் தெரியாத காலுக்கு மெத்தென்ற எம்.சி.ஆர். (மைக்ரோசெல்லுலார் ரப்பர்) செருப்புதான் சரி. அந்த ரப்பர் செருப்பு உருவானதில் பக்கத்து வேலூரில் மருத்துவர் பால் பிராண்ட் தொழுநோயாளிகளுக்குச் செய்த வேலைக்குப் பெரும் பங்கு உண்டு.

பன்னிரண்டாயிரம் இல்லாதவர்களுக்கு மாற்று இருக்கிறது. பள்ளிக்கூடத்து வெள்ளைக் கேன்வாஸ் ஷூ தட்டையானது, மெல்லியது, முறுக்கினால் முறுகும். ஓர் அளவு பெரிதாக வாங்கினால் விரலுக்கும் இடம் கிடைக்கும். சாக்பீஸ் தேய்ப்பது கட்டாயமில்லை. டயர் செருப்பு மட்டத்தில் தேறும், வளைவில் தோற்கும், ஆனால் வாங்கியவரைவிட அதிக நாள் வாழும்.

கடைக்கு மாலை ஐந்து மணிக்கு மேல் போகவும். வெட்டிய செய்தித்தாள் பாதத்தை மறக்காமல் எடுத்துச் செல்லவும். அப்பாவை அழைத்துப் போக வேண்டாம்.