முட்டிக்கு ஏது ஓய்வூதியம்?

சென்னை லஸ் நாகேஸ்வர ராவ் பூங்காவில் தினமும் காலை மூட்டு மருத்துவ மாநாடு நடக்கிறது. டாக்டர் மட்டும் வருவதில்லை. 60 வயதில் ஓய்வுபெற்றவர் 61-இல் ஓட்டப்பந்தய வீரராகிவிடுகிறார். இத்தனை வருடம் நாற்காலியில் மடங்கிக் கிடந்த முட்டியை ஒரே மாதத்தில் நிமிர்த்தப் பார்க்கிறார். அது வீங்கினால், “வலிச்சாத்தான் சார் பலன்” என்று பக்கத்து பெஞ்சு தீர்ப்பு சொல்கிறது.

முட்டியின் கோரிக்கைகளோ சின்னவை. ஓட்டத்துக்குப் பதில் நடை, நீச்சல், சைக்கிள். தொடைத் தசைக்குக் கொஞ்சம் பலம். நாற்காலியில் உட்கார்ந்தபடி காலை நீட்டி மடக்கியே தொடங்கலாம். வீங்கிய அன்று விடுப்பு. எல்லாவற்றுக்கும் மேலாக எடை: ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வோர் அடியிலும் முட்டிக்கு ஏறக்குறைய 4 கிலோ சுமை குறைகிறது.

நம்மவர் முட்டிக்கு உறை வாங்குவார், தைலம் வாங்குவார், மெத்தென்ற ஷூவும் வாங்குவார். எடை என்றதும் மட்டும், “இது பரம்பரை உடம்பு சார்” என்றபடி, நடந்த களைப்புக்கு நெய்ப் பொங்கலும் இரண்டு வடையும் சொல்லிவிடுவார். தாத்தா விட்டுச்சென்ற சொத்தில் பங்காளிகள் கேட்டு வராதது இது ஒன்றுதான்.