கழற்றினால் கலர், கழற்றாவிட்டால் கலவரம்

*கம்ப்யூட்டருக்குள் இருக்கும் எல்லாவற்றையும் ஒரே நிறத்தில் பெயின்ட் அடிக்கலாமா?*
– கல்லூரி மாணவர், சேலம்

உடுப்புக்கு அடிக்கலாம், உடம்புக்குக் கூடாது. கேபினெட், கிராஃபிக்ஸ் கார்டின் மேல்மூடி, மதர்போர்டின் பிளாஸ்டிக் கவசம் எல்லாம் உடுப்பு. சர்க்யூட் போர்டு, சாக்கெட், தங்க முலாம் பூசிய கனெக்டர்கள் உடம்பு. உடுப்பைக் கழற்றித் தனியே எடுத்துவைத்து அடியுங்கள்.

*ரேமின் மேல்தகட்டையும் கழற்றிவிடலாமா?*
– ஈரோடு வாசகர்

வேண்டாம் தம்பி. பல ரேம்களில் அந்தத் தகடு பசையால் ஒட்டியிருக்கும். பலமாக இழுத்தால் சிப்பும் கூடவே பெயர்ந்து வரும். கீழே உள்ள தங்கப் பற்களையும் தெரிகிற போர்டையும் மாஸ்கிங் டேப்பால் மூடி, தகட்டுக்கு மட்டும் அடியுங்கள். மெட்டாலிக் பெயின்ட் என்றால் இருமடங்கு கவனம்: அந்த மினுமினுப்பு பெரும்பாலும் அலுமினியப் பொடி!

*ஸ்ப்ரே அடித்தால் வழிந்துவிடுகிறது. இல்லையென்றால் உரிந்துவிடுகிறது. என்ன செய்ய?*
– தொழிற்பயிற்சி மாணவி, திருச்சி

வழிவது அவசரத்தால், உரிவது சோம்பலால்.

முதலில் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து விரல் எண்ணெயை அகற்றுங்கள். 400, பிறகு 600 நம்பர் உப்புத்தாளால் பளபளப்பு மங்கும்வரை தேயுங்கள். பிறகு பிரைமர், பிளாஸ்டிக்குக்கு அதற்கென்றே விற்கும் பிரைமர்.

டப்பாவை நன்றாகக் குலுக்கி, 20 முதல் 30 சென்டிமீட்டர் தள்ளிப் பிடியுங்கள். பொருளுக்கு வெளியே ஆரம்பித்து, கையை நிறுத்தாமல் ஓட்டி, மறுபக்கம் வெளியே போய் முடியுங்கள். முதல் கோட்டில் அடிநிறம் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் அதிகம் அடித்துவிட்டீர்கள். அடுத்த கோட்டுக்கு எவ்வளவு நேரம் என்பது டப்பாவிலேயே அச்சாகியிருக்கிறது. மறைவான ஓரத்தில் நகத்தை அழுத்திப் பாருங்கள்: தடம் விழுந்தால் இன்னும் காயவில்லை.

மழை நாளில் அடிக்காதீர்கள். ஈரம் படிந்து வெள்ளை மூட்டம் போடும். நீங்கள் கேட்ட கறுப்பு சாம்பலாகும்.

*கறுப்பு பெயின்ட் அடித்தால் ஹீட்சிங்க் இன்னும் குளிருமாமே?*
– இயற்பியல் ஆசிரியர், நாகர்கோவில்

பாதி உண்மை. வெப்பத்தைக் கதிராக வீசுவதில் வெறும் அலுமினியம் கருமி, கறுப்பு பெயின்ட் வள்ளல். ஆனால் வெப்பத்தைக் கடத்துவதில் அலுமினியத்துக்குப் பெயின்ட் சுமார் ஆயிரத்தில் ஒரு பங்குதான் தேறும். ஃபேன் சுழலும் இடத்தில் வெப்பத்தை அள்ளிக்கொண்டு போவதோ காற்று. அழகுக்காக ஒரு மெல்லிய கோட் போதும். பிராசஸரைத் தொடும் அடிப்பகுதியில் ஒரு சொட்டுகூடப் படக்கூடாது.

*பவர் சப்ளையைத் திறந்து கூட்டுக்கு மட்டும் அடித்தால்?*
– வேலூர் வாசகர்

பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கெபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் காத்திருக்கலாம். திறக்காதீர்கள். பல கேபினெட்களில் அதை மறைக்க ஒரு தகடு உண்டு. உங்கள் கலை ஆர்வத்தை அதன்மேல் காட்டுங்கள்.

*ஹார்ட் டிஸ்க்குக்கு?*
– அதே வேலூர் வாசகர்

பல டிஸ்க்குகளின் மூடியில் ஒரு பொடித் துளை இருக்கும். 'மூடாதே' என்று பக்கத்திலேயே எழுதியிருக்கும். மூச்சுத் துளை அது. அதை அடைக்கக் கிளம்பாதீர்கள்.

*நோக்டுவா ஃபேனின் பழுப்பு நிறம் சகிக்கவில்லை. கறுப்பாக்கலாமா?*
– கோவை வாசகர்

இறக்கைகளில் பெயின்ட் ஏற்றத்தாழ்வாகப் படிந்தால் சமநிலை கெட்டு ஃபேன் முனகும். சட்டத்துக்கு வேண்டுமானால் அடியுங்கள். அந்த ஆஸ்திரிய நிறுவனமே குரோமாக்ஸ் வரிசையில் கறுப்பு ஃபேன் விற்கிறது. வாங்கிவிட்டால் முனகல் பர்ஸோடு நின்றுவிடும்.

*மகன் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு பூஜை அறைக்குப் பக்கத்தில் ஸ்ப்ரே அடிக்கிறான். ஆபத்தா?*
– ஓர் அம்மா, மதுரை

ஆபத்துதான் அம்மா, உடனே நிறுத்துங்கள். பல டப்பாக்களில் பெயின்டைத் தள்ளுவது சமையல் காஸின் பங்காளி. விளக்குச் சுடர் ஒன்று போதும். மொட்டை மாடிக்கு அனுப்புங்கள். கைக்குட்டை தூசியைத்தான் கொஞ்சம் தடுக்கும், ஆவியை விட்டுவிடும். கரி வடிகட்டி வைத்த மாஸ்க் வாங்கிக் கொடுங்கள்.

*கேபினெட்டைப் பவுடர் கோட்டிங் பட்டறையில் கொடுக்கலாமா?*
– ஓசூர் வாசகர்

தாராளமாக. ஸ்ப்ரேயைவிட நெடுநாள் உழைக்கும். மதர்போர்டு உட்காரும் ஸ்டாண்ட்ஆஃப்களைக் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள். அவை பொருந்தும் இடங்களை மறைத்துப் பூசச் சொல்லுங்கள். போர்டுக்கு எர்த் கிடைப்பது அந்த வெற்று உலோகம் வழியாகவும்தான். பட்டறை அடுப்பு 200 டிகிரி வரை போகும். பிளாஸ்டிக் பாகங்களை விட்டுவைத்தால் நிறம் மாறிய கேபினெட் வராது, வடிவம் மாறிய கேபினெட்தான் வரும்.