வானம் ஏறி இறங்கும் கேள்வி

வாசகர், திருவேங்கடம்: செயற்கைக்கோள் இணைப்பில் 20 எம்பிபிஎஸ் காட்டுகிறது. பக்கம் திறக்க மட்டும் ஏன் இத்தனை நேரம்?

எம்பிபிஎஸ் சொல்வது எவ்வளவு வரும் என்பதை; எப்போது வரும் என்பதை அல்ல. புளியங்குடி எலுமிச்சையை லாரியில் ஏற்றினாலும் பைக்கில் ஏற்றினாலும் சென்னை அதே தூரம்தான். புவிநிலைச் செயற்கைக்கோள் இருப்பது 35,786 கி.மீ. உயரத்தில். உங்கள் கேள்வி ஏறி இறங்க வேண்டும். பதிலும் ஏறி இறங்க வேண்டும். மொத்தம் 1,43,000 கி.மீ.! விநாடிக்கு 3 லட்சம் கி.மீ. ஓடும் ஒளிக்கே அரை விநாடி ஆகிவிடும்.

வாசகர், சங்கரன்கோவில்: அரை விநாடி பெரிய விஷயமா?

ஒரு நடையோடு முடிந்தால் பெரிதில்லை. தளத்தின் முகவரி விசாரிக்க ஒரு நடை, ‘இருக்கிறாயா?’ ‘இருக்கிறேன்’ என்பதற்கு ஒரு நடை. ரகசியப் பூட்டுக்குச் சாவி பேசி முடிக்க ஒரு நடை. பக்கத்தைக் கேட்டு வாங்க ஒரு நடை. ஆக 2 விநாடி. பிறகும் டிசிபி நெறிமுறை முதலில் கொஞ்சம் அனுப்பி, ‘வந்து சேர்ந்தது’ என்ற தகவல் கிடைத்த பின்பே அளவைக் கூட்டும்.

வாசகி, குருவிகுளம்: சினிமா தடையில்லாமல் ஓடுகிறது. மகனோடு வீடியோவில் பேசினால்தான் தடுமாறுகிறது?

சினிமாவை முன்கூட்டியே சேர்த்து வைக்கலாம். பேச்சைச் சேர்த்து வைக்க முடியாது. நீங்கள் பேசி முடித்ததும் ஒரு மூச்சு பொறுங்கள். மகன் குரல் வழியில் வந்துகொண்டிருக்கும்.

வாசகர், தென்காசி: மழைக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

சாரலைத் தாங்கும்; அடைமழையைத் தாங்காது. உயர் அதிர்வெண் அலைகளை மழைத்துளிகள் விழுங்கும். டிடிஹெச் படம் உறைவதும் அதனால்தான். ஆனால் அந்த அரை விநாடித் தாமதம் தூரத்தால் வருவது. வெயிலடித்தாலும் போகாது.

வாசகர், அந்தமான்: கடலடிக் கேபிள் வந்தபின் எங்கள் இணையம் மாறிவிட்டதே, எப்படி?

2020 ஆகஸ்ட் 10 வரை செயற்கைக்கோளை நம்பியிருந்தீர்கள். அன்று தொடங்கிவைக்கப்பட்ட சென்னை–அந்தமான் கேபிளின் நீளம் சுமார் 2,300 கி.மீ. கண்ணாடி இழைக்குள் ஒளியின் வேகம் மூன்றில் ஒரு பங்கு குறையும். இருந்தும் முழு நீளமும் போய்வர, விநாடியில் நாற்பதில் ஒரு பங்குகூட ஆகாது.

வாசகி, கடையநல்லூர்: தாழ்வாகப் பறக்கும் செயற்கைக்கோள்கள் இந்தக் குறையைத் தீர்க்குமா?

பெருமளவு தீர்க்கும். ஸ்டார்லிங்க் சுமார் 550 கி.மீ., ஒன்வெப் 1,200 கி.மீ. உயரம்தான். ஒன்வெப்பின் 72 செயற்கைக்கோள்களை 2022, 2023இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏற்றியது நம் எல்விஎம்3 ராக்கெட். ஆனால் தாழ்வாக இருப்பவை ஓரிடத்தில் நிற்காது. ஒன்று நகர்ந்தால் அடுத்தது வரவேண்டும். அதற்கு நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் வேண்டும்.

வாசகர், திருவேங்கடம்: எங்கள் பக்கத்துக் கிராமங்களுக்கு எது நல்லது?

இழை போகும் இடத்துக்கு இழை. போகாத மலைக்கும் தீவுக்கும் வானம். தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்கும் கண்ணாடி இழை கொண்டுசெல்லத்தான் டான்ஃபிநெட் திட்டம். உங்கள் ஊராட்சிக்கு வந்துவிட்டதா, வந்தது பள்ளிக்கூடம் வரை போனதா? அடுத்த கிராமசபையில் எழுந்து கேளுங்கள்.